இரண்டாம் மணி

ஆனி பிறந்துவிட்டால் அந்தப் பங்களாவில் எதுவும் காயாது. கொடியில் போட்ட பாவாடை மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடக்கும். உப்பு ஜாடிக்குள் தண்ணி கட்டும். விறகு புகையுமே தவிர எரியாது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் ஒரு சந்தோஷம். ஐந்தருவிப் பாதையில், பழைய ஜமீன் பங்களாவை வாடகைக்கு எடுத்து நடந்துவந்த பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சமையல் செய்கிற நல்லகண்ணுவுக்கு அது கண் எரிச்சல்.

அறுபத்தொன்றாம் வருஷம் அது. அந்தப் பள்ளியில் டீச்சராகவும், ஹாஸ்டலுக்கு வார்டனாகவும் இருந்தவள் சொக்கம்மாள். தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. புருஷன் முத்துக்குமாரசாமி கோயில் கட்டளைக் கணக்கு எழுதுகிறவர். குத்துக்கல்வலசைப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. அது விளைந்தால் விளைந்தது. ஒரே மகள் உலகம்மாள். வாரம் முழுக்க ஹாஸ்டலில் இருந்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள் சொக்கம்மாள். சமையல்கட்டில் மகள் நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம், இந்த வருஷமாவது இவளை ஒரு இடத்தில் கொண்டு சேர்க்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஹாஸ்டலில் சாப்பாட்டுக்கு இரண்டு மணி. சமையல்கட்டு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் நல்லகண்ணு முதல் மணி அடித்தால், பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள் கூடத்துக்குள் வந்து உட்காருவார்கள். வாழை இலை, பொரியல், கூட்டு, அப்பளம். அவர்கள் எழுந்து, எச்சில் எடுத்து, தரை மெழுகி முடிந்த பிறகு இரண்டாம் மணி. அது சர்க்கார் உதவித்தொகையில் படிக்கிற பிள்ளைகளுக்கு. சேரிகளிலிருந்து வந்தவர்கள், கூலிக்காரர், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின் தாழ்வாரம், அலுமினியத் தட்டு. ஒரே உலையில் வெந்த சோறுதான். ஆனால் இரண்டாம் மணிக்குள் அது விறைத்துப்போகும். சாம்பாரில் காய் இருக்காது. அப்பளம் அந்த வாசலைத் தாண்டி வந்ததே இல்லை. யாரும் எழுதிவைத்த சட்டம் கிடையாது. பள்ளி தொடங்கிய நாளில் எவரோ அப்படி உட்காரவைத்தார்கள், அப்படியே நடந்தது. சொக்கம்மாளும் வந்து சேர்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த ஆனியில் ஒரு நாள் மேற்கே மலை தெரியாமல் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் பந்தி பாதியில் இருக்கும்போதே காற்று திரும்பி, தாழ்வாரத்து ஓடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டது. மேலே வானம். கீழே கணுக்காலுக்குத் தண்ணீர். உதவித்தொகைப் பிள்ளைகள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றார்கள். எதிரே திறந்த கதவுக்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொக்கம்மாள் அந்தக் கதவருகில் வந்து நின்றவள், ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள்.

"ஏட்டி, என்னத்துக்கு நனையுதிய? உள்ள வாங்க."

ஒருத்தியும் நகரவில்லை.

"பிச்சம்மா, உன்னத்தான். எல்லாரையும் கூட்டிட்டு வா."

வாசுதேவநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு சேரியிலிருந்து வந்தவள் பிச்சம்மாள். ஒல்லியான, கறுத்த பெண். எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டாள். வாசற்படியில் ஈரக்காலைத் துடைக்கத் துணி இல்லாமல் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். கூடத்தில் இருந்த வரிசையின் கடைசியில் வீரகேரளம்புதூர் கோமதி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் பிச்சம்மாள் தயங்கினாள். கோமதியும் இலையை இழுத்துக்கொண்டாள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் சொக்கம்மாளுக்கு என்ன தோன்றியதோ, சேலையைச் சொருகிக்கொண்டு போய்த் தானே அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லகண்ணு, எனக்கும் எலை போடும். இவளுவளுக்கும் போடும்."

"அம்மா, எலை பத்தாதே."

"கிழிச்சுப் போடும்."

அன்றைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். நல்லகண்ணு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். குனிந்து இலையில் வைக்கவேண்டியிருந்ததால், தாழ்வாரத்தில் தட்டுகளுக்குப் போடுகிற மாதிரி அவரால் உயரத்திலிருந்து போடவும் முடியவில்லை. ஆவி பறந்தது. கடையநல்லூர் நெசவுக்காரர் மகள் ஜன்னத், வாயாடி. அவள்தான் முதலில் பேசினாள்.

"அண்ணாச்சி, அந்தக் கூடையில வச்சிருக்கியளே, அது எங்களுக்கும் உண்டா?"

"அப்பளமா?"

"ஓ, அதுக்குப் பேரு அப்பளமா!"

பணம் கட்டுகிற பிள்ளைகளில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கோமதியும் இன்னும் சிலரும் பாதியில் எழுந்து போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

மறுநாள் வெயில் அடித்தது. ஓடுகளை மாற்றித் தாழ்வாரத்தைக் கூட்டிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் காத்து நின்றார்கள். அவர்கள் அப்படித் தானாகவே போய் நின்றதுதான் சொக்கம்மாளைச் சுட்டது.

"அங்கன என்ன சோலி? நேத்து எங்க உக்காந்திய?"

"மழைன்னு கூப்பிட்டிய டீச்சர்," என்றாள் பிச்சம்மாள்.

"இன்னைக்கு மழை இல்லாம கூப்பிடுதேன். வாங்க."

அன்றிலிருந்து ஒரே மணி. பள்ளித் தாளாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க இஷ்டம்மா. பேச்சு வராமப் பாத்துக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான். தடுக்கவும் இல்லை, தாங்கவும் இல்லை.

கூடத்தில் சத்தம் கூடிப்போயிற்று. குனிந்த தலை நிமிராமல் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் இலை முன்னால் உட்கார்ந்து கதை பேசினார்கள். நல்லகண்ணுவே, "ஒரு மணியோட சோலி முடிஞ்சிருது. வெறகும் மிச்சம்" என்றார். ஒரு மத்தியானம் கல்வி உளவியல் வகுப்பில் பிச்சம்மாள் தூங்கி விழுந்தாள். சொக்கம்மாள் எழுப்பிக் கேட்டபோது எழுந்து நின்று கண்ணைக் கசக்கினாள்.

"தெரியாமத் தூங்கிட்டேன் டீச்சர். சுடுசோறு தின்னா இப்படித் தூக்கம் வரும்னு தெரியாது."

வகுப்பு சிரித்தது. பிச்சம்மாளும் சிரித்தாள். அவள் பல் தெரிய சொக்கம்மாள் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதற்கு முன்பே உலகம்மாளுக்கு ஒரு இடம் கூடி வந்திருந்தது. வீரகேரளம்புதூர் நெல்லையப்ப பிள்ளையின் மூத்த மகன். கூட்டுறவு பேங்கில் வேலை. கோமதிக்கு அண்ணன். சொல்லப்போனால், கோமதியை ஹாஸ்டலில் பார்க்க வந்த இடத்தில்தான் பிள்ளை சொக்கம்மாளிடம் பேச்சை எடுத்தார். பெண் பார்த்து, பிடித்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசியாயிற்று. வெற்றிலை பாக்கு மாற்றுவது மட்டும் பாக்கி. இதற்கு முன் இரண்டு இடம் கலைந்திருந்தது. ஒன்று ஜாதகம் சரியில்லை என்று. இன்னொன்று, பெண்ணின் தாயார் வேலைக்குப் போகிறாள் என்று.

ஆடி பிறக்க இருந்த சமயம், ஒரு சனிக்கிழமை சொக்கம்மாள் வீட்டுக்கு வந்தபோது நெல்லையப்ப பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முத்துக்குமாரசாமி எதிரே பெஞ்சில். நடுவில் காப்பி ஆறிப்போய் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி. எப்ப வந்திய? காப்பி அப்படியே இருக்கே?"

"இருக்கட்டும் மைனி. நீங்க உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோமதி வந்திருந்தா," என்று ஆரம்பித்தார் பிள்ளை. "சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்? நடக்கிறதைச் சொன்னா. நான் ஒண்ணும் பெரிசா எடுத்துக்கிடலை. ஆனா எங்க அம்மை காதுல விழுந்துட்டு."

"நானே உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணாச்சி."

"மைனி, தப்பா நெனைக்காதிய. நான் கதர் கெட்டுதவன். எங்க ஊரு பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போடணும்னு வந்தப்ப, மொத மூட்டை அரிசி நான்தான் குடுத்தேன். எல்லாப் பிள்ளையும் வயிறாறத் திங்கணும். அதுல எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது. திங்குதது வேற. கூட உக்காந்து திங்குதது வேற."

"எல்லாம் வாத்திச்சியா வரப்போற பிள்ளையதானே அண்ணாச்சி? நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு அவளுவதான் பாடம் சொல்லிக்குடுப்பாளுவ."

"குடுக்கட்டுமே. யாரு வேண்டாம்னா? பிள்ளைய என்னமும் செய்யட்டும், படிக்கிற இடம். நீங்களே போயி அவங்ககூட எலை போட்டு உக்காருதியளாமே. அதைத்தான் எங்க அம்மையால தாங்க முடியலை. மருமக வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நிக்காவ. பெரிய உசுரு. நாளைக்கு மணவறைக்கு முன்னால அவிய இல்லாம நான் எப்படி நிக்க?"

முத்துக்குமாரசாமி தொண்டையைச் செருமினார். "என்ன செய்யணும்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் என்ன சொல்ல இருக்கு? பழையபடி நடந்தாச் சரி. அடுத்த வாரம் கோமதி வந்து, பழையபடிதான் நடக்கு ஆச்சின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அம்மை மறந்துருவாவ."

எழுந்துகொண்டவர், கிளம்புகிற நேரத்தில் ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். தான் அப்படிப்பட்டவன் இல்லை என்று காட்டுவதற்குப் போல.

அவர் போய்விட்டார். சொக்கம்மாள் அரிவாள்மணையை இழுத்துப்போட்டுக் கொத்தவரங்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"நான் உன்னைக் குத்தஞ் சொல்லலை," என்றார் முத்துக்குமாரசாமி. "நீ செஞ்சது சரிதான். கோயில்ல உக்காந்து கணக்கு எழுதுதவன் நானே சொல்லுதேன், சரிதான். ஆனா சரின்னு தெரிஞ்ச எல்லாத்தையும் நாமளா செய்யணும்?"

"வேற யாரு செய்வா?"

"காலம் செய்யும். இன்னும் பத்து வருஷம் போனா எல்லாரும் ஒண்ணா உக்காருவாவ. நீ அவசரப்பட்டு முன்னால உக்காந்துட்ட."

"அந்தப் பிள்ளைய ரெண்டு வருஷம்தான் அங்க இருக்கும். பத்து வருஷம் காத்திருக்குமா?"

"நம்ம பிள்ளை?" அவர் குரல் தாழ்ந்தது. "நம்ம பிள்ளை எத்தனை வருஷம் காத்திருக்கும், சொல்லு."

சொக்கம்மாள் இன்னொரு பிடி காயை எடுத்து நறுக்கினாள். உலகம்மாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"எல்லாம் கேட்டுச்சு," என்றாள். "அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுதேன். எனக்காகன்னு சொல்லிச் செய்யாத. செய்யணும்னு தோணுனா உன் பேரைச் சொல்லிச் செய்யி. எனக்காகன்னு சொன்னா, பொறவு நான் அதை எங்க கொண்டுபோயி வைக்க?"

"அப்ப இந்தச் சம்பந்தம் வேண்டாங்கியா?"

 வேண்டாம் என்று சொல்ல உலகம்மாளுக்கு வாய் வரவில்லை. உள்ளே திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் சொக்கம்மாள் கொல்லைப்பக்கம் வந்தபோது, கிணற்றடியில் கைக்கண்ணாடியைச் சாய்த்துவைத்துக்கொண்டு, காதோரத்தில் ஒரு நரைமுடியை விரலில் சுற்றிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் மகள். வலியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பிடுங்கியதைக் காற்றில் விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடினாள். சொக்கம்மாள் சத்தம் காட்டாமல் வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

திங்கள்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளை எல்லாம் கூடத்தில் நிற்கச் சொன்னாள். இதை நல்லகண்ணுவிடம் சொல்லிச் செய்ய வைத்திருக்கலாம். அது மட்டும் அவளால் முடியவில்லை. ஆனால் நேராகச் சொல்லவும் முடியவில்லை.

"எல்லாருக்கும் ஒண்ணாப் பரிமாறச் சங்கடமா இருக்குன்னு நல்லகண்ணு சொல்லுதாரு. நாளையிலேர்ந்து பழையபடி ரெண்டு பந்தி."

சாம்பார் வாளியோடு நின்ற நல்லகண்ணு நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாளிக்குள் பார்த்துக்கொண்டார்.

ஜன்னத் வாயைத் திறந்தாள். பிச்சம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வெளியவா டீச்சர்?"

"ஆமா. தாழ்வாரத்துல."

"மழை பெஞ்சா?"

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கே நிற்கவேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வளர்ந்த பெண்.

"மழை பெஞ்சா உள்ள வந்துருங்க," என்றாள் சொக்கம்மாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"சரி டீச்சர்."

மறுநாள் இரண்டு மணியும் அடித்தது. கோமதி இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, வார்டன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள். அவளுக்கும் சந்தோஷமாக இருந்த மாதிரித் தெரியவில்லை. அவள் ஊருக்குப் போய்வந்த மறு வெள்ளிக்கிழமையே வீரகேரளம்புதூரிலிருந்து ஆள் வந்தது. வெற்றிலை மாற்ற நாள் குறித்தார்கள்.

ஆடிக் காற்று வலுத்த ஒரு நாள் மறுபடியும் சாரல் தாழ்வாரத்துக்குள் சாய்ந்து அடித்தது. சொக்கம்மாள் கதவருகே ஓடிவந்தாள்.

"உள்ள வாங்கட்டி! நான்தான் சொன்னம்லா, மழை பெஞ்சா வாங்கன்னு."

"இருக்கட்டும் டீச்சர். இந்தா, முடிஞ்சிட்டு," என்றாள் பிச்சம்மாள்.

முடியவில்லை. தட்டில் சோறு அப்படியே இருந்தது. ஜன்னத் ஒரு பழைய குடையை விரித்து, ஒவ்வொருத்தி தட்டுக்கு மேலும் மாற்றி மாற்றிப் பிடித்தாள். "உனக்கு ரெண்டு வாய் ஆச்சு, அடுத்த ஆளு" என்று அவள் சொல்ல, அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில் சொக்கம்மாளுக்கு இடம் இல்லை. அவள் நனைந்தபடி வாசலில் நின்றாள். யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. மரியாதையும் குறையவில்லை. வகுப்பில் எழுந்து நின்றார்கள், வணக்கம் சொன்னார்கள், நோட்டை நீட்டினார்கள். பிச்சம்மாள் மட்டும் அதற்குப் பிறகு மத்தியான வகுப்பில் ஒரு நாளும் தூங்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. ஹாஸ்டல் பிள்ளைகளைக் கட்டாயம் கூப்பிடவேண்டும் என்று உலகம்மாள் சொல்லியிருந்தாள். சொக்கம்மாளும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று இரண்டு நாள் யோசித்தாள். முன்பந்தலில் மாப்பிள்ளை வீட்டு ஆச்சி, சுங்கடிச் சேலையும் காதில் தொங்கும் பாம்படமுமாக நடுநாயகமாக உட்கார்ந்திருப்பாள். கடைசியில் கொல்லைப்பக்கம், மாட்டுத்தொழுவத்தைத் தாண்டி, புதுத் தென்னங்கிடுகு வேய்ந்து சின்னதாக ஒரு பந்தல் போடச் சொன்னாள். தரையில் புதுப் பாய் விரித்து, நல்லகண்ணுவையே அங்கே பரிமாறவும் நிறுத்தினாள். கூட்டம் இல்லாமல் பிள்ளைகள் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள். எல்லாரும் வெளுத்த சேலை, தலையில் கனகாம்பரம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், "நீங்கள்லாம் எந்த ஊரு பிள்ளைய? யாரு வீடு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சொக்கம்மாள் பட்டுச்சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாங்க வாங்க. ஏன் இவ்வளவு நேரம்? வாங்கட்டி."

ஜன்னத் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "வாப்பா நெய்த சேலை டீச்சர். எல்லாருமாச் சேர்ந்து வாங்குனோம். அக்காகிட்டக் குடுத்துருங்க."

"நீங்களே உள்ள வந்து குடுங்க."

மணவறைப் பக்கம் போனார்கள். உலகம்மாள் மாலையோடு எழுந்து நின்று சேலையை வாங்கிக்கொண்டாள். பிச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டாள். அதற்குள் ஆச்சி தன் நாற்காலியிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொக்கம்மாள் சட்டென்று குறுக்கே வந்து, பிள்ளைகளைத் தோளைத் தொட்டு நகர்த்திக்கொண்டு போனாள்.

"சாப்பிட வாங்க. இப்படி, சந்து வழியா வாங்க. உங்களுக்குன்னு பின்னால தனியா எலை போட்டு வச்சிருக்கேன்."

சந்தின் முனையில் பிச்சம்மாள் நின்றாள். அவள் பார்வை கொல்லைப்பக்கம் போயிற்று. கிடுகுப் பந்தல், புதுப் பாய், ஓரம் கிழியாத நல்ல தலைவாழை இலைகள், கை கட்டி நின்ற நல்லகண்ணு.

"இல்ல டீச்சர். பசிக்கலை. சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்."

"இந்நேரத்துக்கு எங்க சாப்பிட்டிய? பொய் சொல்லாத. ஒரு வாய் தின்னுட்டுப் போங்க. எனக்காக."

"குத்தாலம் பஸ்சு போயிரும் டீச்சர். அதை விட்டா நடக்கணும்." பிச்சம்மாள் குனிந்து சொக்கம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "வாரோம் டீச்சர்."

ஒருத்தி பின் ஒருத்தியாகத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஜன்னத் மட்டும் தொடவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாரேன்" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு சுருக்கமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. பந்தலுக்குள் சாம்பார் மணத்தது, பாயசம் மணத்தது. அதன் வழியாகவே தெருவுக்கு இறங்கிப் போனார்கள். கோயில் முக்கில் திரும்புகிறவரை வெளுத்த சேலைகள் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.  ஆனால் கூப்பிட்டால், முன்பந்தலிலேயே உட்காருங்கள் என்று சொல்லவேண்டியிருக்கும். சொக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். நெல்லையப்ப பிள்ளை ஆச்சியின் இலைக்குக் குனிந்து நெய் விட்டுக்கொண்டிருந்தார்.

நல்லகண்ணு கொல்லையில் போட்ட இலைகளை எடுத்து அடுக்கினார். "முன்னால பந்திக்கு எலை பத்தலையாம். கொண்டுபோயிரட்டா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

மணவறைக்குப் பக்கத்தில் வந்தபோது உலகம்மாள் தாயைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். நெற்றியில் வியர்வையில் குங்குமம் கரைந்திருந்தது. அருகில் மாப்பிள்ளை யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை நிறைவோடு மகளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அம்மா, ஹாஸ்டல் பிள்ளைய சாப்பிட்டாளுவளா?"

"ம். சாப்பிட்டாளுவ."

"எங்கன உக்காரவச்ச?"

சொக்கம்மாள் மகளின் மாலையில் சிக்கியிருந்த முடியை விலக்கிவிட்டாள். புதுத் தாலிச் சரட்டை நேராக்கினாள்.

"உள்ளதான்," என்றாள்.